இருட்டுக் கடலில் குங்குமம்

செப்டம்பர் 29, திங்கள்

காலையிலிருந்து தூறல். சிப்காட் ரோட்டில் லாரி வரிசை. ஷேர் ஆட்டோவில் இருபது நிமிடம் உட்கார்ந்தே இருந்தேன். மேனேஜர் அச்சக வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார். அவர் காரும் அதே லாரிகளுக்குப் பின்னால்தான் வந்திருக்கும். அது மட்டும் லேட் இல்லை.

இன்றைய வேலை:
– ஊதுபத்தி அட்டை, மல்லிகை. மூன்றாவது திருத்தம். பச்சை போதவில்லையாம்.
– மாத்திரை அட்டை, நாலு நிறத்துக்கு நாலு அச்சு பிளேட்.
– பெங்களூரு பியானோ டீச்சர் படம்.

மூன்றாவதுதான் விசேஷம். டீச்சரே கொண்டுவந்து கொடுத்தார். அறுபது வயது இருக்கும், கிராப் வெட்டிய நரைமுடி, பெங்களூருத் தமிழ். பழைய பிரெஞ்சுப் பாட்டு நோட்டின் மேலட்டை அது. உள்ளே இருந்த ஸ்வரத் தாள்களை வீட்டில் வைத்துவிட்டு அட்டையை மட்டும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். மாணவர்கள் கச்சேரிக்கு இருநூறு நிகழ்ச்சி அட்டை வேண்டுமாம், இதே படம் போட்டு. பாரிஸில் படித்த காலத்தில் வாசித்துப் பரிசாக வாங்கியதாம். இன்றைக்கும் அந்தப் பாட்டை வாசிப்பதற்கு முன்னால் இதை பியானோ மேல் சாய்த்து வைத்து ஒரு நிமிடம் பார்ப்பாராம். படம் வரைந்தவரும் பாட்டுப் போட்டவரும் சேர்ந்தே செய்தது, ஒன்றில்லாமல் இன்னொன்று பாதி என்றார்.

படத்தில் ராத்திரிக் கடல். நிலா இல்லை, நிலா வெளிச்சம் மட்டும் தண்ணீரில் கிடக்கிறது. ஒரு படகு, விளக்கில்லாத படகு. பாக்கி முழுக்க இருட்டு. ஆனால் அந்த இருட்டுக்குள் நீலம், பச்சை, ஏதோ ஒரு ஊதா.

லூப்பை வைத்துப் பார்த்தேன். என் சொந்த லூப், கண்ணோடு ஒட்டிப் பார்க்கும் சின்னப் பூதக்கண்ணாடி. பதினோரு வருஷமாக எதை இதில் பார்த்தாலும் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். பிஸ்கட், மல்லிகை, சாமி படம், எல்லாமே நாலு நிறப் புள்ளி. இதில் ஒரு புள்ளி இல்லை. அந்தக் காலத்துக் கல்லச்சு, கல்லின் மேல் மெழுகுக் கட்டியால் தேய்த்து வரைந்த சொரசொரப்பு அப்படியே. ஒரு நிறத்துக்கு ஒரு கல், ஐந்து கல்லாவது இருக்கும். சாப்பாட்டு நேரம் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்தேன். டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை.

மேனேஜர் வந்து பார்த்தார். "என்னா இவ்ளோ இருட்டா இருக்குது? கொஞ்சம் பிரைட் பண்ணும்மா."

ராத்திரி ஐயா அது. ராத்திரி. இதை வாயைத் திறந்து சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

மதியம் ஸ்கேன் முடித்தேன். நன்றாக வந்திருக்கிறது. பிரைட் பண்ணவில்லை.

நாளையும் மறுநாளும் லீவு என்பதால் சாயங்காலமே ஆயுத பூஜை. இரண்டு மணியிலிருந்து மெஷின் எல்லாம் நிறுத்தி, துடைத்து, கழுவி, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் வாங்கி, ஒரே ஆட்டம். மெஷின் ஆபரேட்டர் செல்வம் பட்டுச் சட்டை. பார்க்கச் சகிக்கவில்லை, அவரிடமே சொன்னேன், சிரித்தார்.

சந்தனமும் குங்குமமும் தட்டில் வைத்து ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைப்பது துப்புரவு வேலை பார்ப்பவர்களின் பங்கு. இந்த வருஷம் மாரம்மாக்கா. கர்நாடக எல்லையில் தளிப் பக்கத்து ஆள், வீட்டில் கன்னடம், நம்மிடம் தமிழ், கான்ட்ராக்டர் மூலம் வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. கட்டிங் மெஷின், கத்தி, ஸ்கேல், கம்ப்யூட்டர், கீபோர்டு, எதையும் விடக்கூடாது. சோறு போடுவது எதுவோ அதற்குப் பொட்டு.

என் மேசைக்கு மட்டும் கிடையாது. பதினோரு வருஷமாக. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, எனக்குத் தெரியும். பர்வீன் மேசை, அவங்களுக்கு இதெல்லாம் ஆகாது, விட்டுடு என்பார்கள். நல்லவர்கள்தான். ஆனால் நாலு மேசையும் பொட்டோடு இருக்க நடுவில் ஒன்று மட்டும் மொட்டையாக. பூஜை முடிந்ததும் பொரிப் பொட்டலத்தை மட்டும் அதே மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள்.

மாரம்மாக்காவும் தட்டோடு என் மேசையைத் தாண்டிப் போனார். இந்த வருஷம் எனக்குப் பொறுக்கவில்லை. கூப்பிட்டேன். கொஞ்சம் கத்தித்தான் கூப்பிட்டேன்.

"இதுவும் சோறு போடுற மேசைதான். எல்லாத்துக்கும் வைங்க. ஒண்ணையும் விடாதீங்க."

அவர் சிரித்தார். அதற்குள் மேனேஜர் ஊதுபத்தி பைலைக் கேட்டுத் தன் அறைக்குக் கூப்பிட்டுவிட்டார், அங்கிருந்து நேராகப் பூஜை. பிறகு வீட்டுக்கு. என் வீட்டுக்காரர் கேட்டார், என்ன முகத்தில் ஒரு வெற்றி என்று. பொரியை நீட்டினேன்.

அக்டோபர் 3, வெள்ளி

குளிர். பஸ்ஸில் எல்லோரும் ஸ்வெட்டர்.

படத்தை ஸ்கேனர் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறேன். உறையில் போடாமல். டிராயரில் பூட்டாமல்.

வானத்தில், இடது பக்கம் மேலே, சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சந்தனம். நடுவில் குங்குமம். அழகாக வட்டமாக வைத்திருக்கிறார். என் மானிட்டருக்கு ஒன்று, கீபோர்டுக்கு ஒன்று, ஸ்கேனருக்கு ஒன்று, லூப்புக்கு ஒன்று, டீச்சரின் கடலுக்கு ஒன்று. ஒன்றையும் விடவில்லை.

மூன்று நாள் காய்ந்திருக்கிறது, அப்படியே விட்டால் சந்தனமாவது உதிர்ந்திருக்கும். பழைய தாளைச் சுத்தம் செய்யத் தெரிந்தவர்கள் பெங்களூரில் இருப்பார்கள், யாரும் தொடாதீங்க என்று சொல்லி வாய் மூடவில்லை, மேனேஜர் மெஷின் துடைக்கும் வேஸ்ட் துணியைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து ஒரே இழுப்பு. குங்குமம் கரைந்து படகு வரைக்கும் சிவப்பாக வால் முளைத்தது. பொட்டாக இருந்ததை இந்த மனுஷன் கோடாக்கினார். கோடாக்கிவிட்டுத் திரும்பி, "யாரு வெச்சது?" என்றார்.

செல்வம் எனக்காக முந்திக்கொண்டார். "பர்வீன் வெச்சிருக்காது சார். அவங்க இதெல்லாம் தொட மாட்டாங்க." நல்ல மனசு. அந்த நல்ல மனசை எடுத்து அடுப்பில் போட வேண்டும். பேரை வைத்தே தீர்ப்பு. நான் செய்திருக்கவே முடியாது என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

மாரம்மாக்கா கையில் விளக்குமாறோடு நின்றார். "நானே வெச்சே சார்." அவ்வளவுதான் சொன்னார். யார் வைக்கச் சொன்னது என்று சொல்லவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

காகிதத்துக்கு யாராவது பொட்டு வைப்பாங்களா, மூளை இருக்கா, என்றார் மேனேஜர். போன வருஷம் இவரே ஆர்டர் புக்குக்குப் பொட்டு வைத்து, பேப்பர் ரீலுக்கும் வைக்கச் சொன்னார். அதுவும் காகிதம்தான்.

நான் என்ன செய்தேன்? சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்டோபர் 4, சனி

மாரம்மாக்கா வரவில்லை. கான்ட்ராக்டர் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். டாய்லெட் நாறுகிறது.

யார் யார் மேல் கோபம் என்று எழுதி வைக்கிறேன், மறந்துவிடாமல் இருக்க.
– மேனேஜர். வேஸ்ட் துணி.
– செல்வம். நல்ல மனசு.
– கான்ட்ராக்டர். ஒரு போன், முடிந்தது.
– டீச்சர். இவ்வளவு அருமையான பொருளை ஊதுபத்தி அட்டை போடும் இடத்தில் யாராவது கொடுப்பார்களா?
– மாரம்மாக்கா. ஏன் சொல்லவில்லை?

ஆறாவதாக ஒரு பேர் இருக்கிறது. எழுத வரவில்லை.

சாயங்காலம் மேனேஜர் தனியாகக் கூப்பிட்டார். டீச்சர் அடுத்த சனிக்கிழமை வருகிறார், அவரிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டாம் என்றார். ஸ்கேன்தான் பூஜைக்கு முன்னாலேயே எடுத்தாயே. அதே சைஸில் ஒரு காப்பி அடி, பழைய தாள் மாதிரி பண்ணு, உறையில் போட்டுக் கொடுத்துவிடலாம், அந்தம்மாவுக்கு வயசாச்சு, என்ன தெரியப்போகிறது.

முடியாது சார் என்றேன்.

அவர் கோபப்படவே இல்லை. நீதானே வெளியில் வைத்துவிட்டுப் போனாய், அதை நான் யாரிடமும் சொல்லவில்லையே என்றார். ரொம்ப சாதாரணமாக.

யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். முடியாது என்பதிலிருந்து யோசிக்கிறேன் என்பதற்கு வர எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

இவருக்கு டூட்டி. நான் தளி பஸ் ஏறினேன். ஜன்னலோரம், குளிர்காற்று காதில். முட்டைக்கோஸ் வயல், ரோஜா வளர்க்கும் பிளாஸ்டிக் கூடாரங்கள், பஸ் முழுக்கக் கன்னடம். என்ன பேச வேண்டும் என்று மனசுக்குள் நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

மாரம்மாக்கா வீட்டில் இல்லை. ரோஜாக் கூடாரத்தில் கூலிக்குப் போயிருந்தார். மொட்டுக்கு வலைக் குல்லா மாட்டும் வேலை. என்னைப் பார்த்தும் கை நிற்கவில்லை, மாட்டிக்கொண்டே இருந்தார்.

நான்தானே வைக்கச் சொன்னேன், ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா என்னா ஆவும்? பொட்டு விசயத்துல உன் பேரு வந்தா அது காயித விசயமா நிக்காதும்மா. வேற எங்கியோ போவும்."

எனக்குச் சுரீர் என்று வந்தது. என்னைக் காப்பாற்றச் சொல்லி நான் கேட்டேனா என்றேன். ஊருக்குள் எல்லோரும் எனக்கு நல்லது செய்தே என்னை ஓரமாக உட்கார வைக்கிறார்கள், நீங்களுமா என்று கத்தினேன். பக்கத்து வரிசையில் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்போதுதான் அவர் கை நின்றது.

"உன்ன ஒண்ணும் காப்பாத்துலே. நான் உன் பேரு சொல்லுலே, சரி. நீயா சொல்லுவேன்னு நான் பாத்தே. நீ செவுத்தப் பாத்துக்கினு நின்னே. அது ஒண்ணுதான் எனக்குக் கோவம். வேலை போனதுகூட இல்லே."

நானும் குனிந்து பக்கத்து மொட்டுக்கு ஒரு குல்லா மாட்டினேன்.

மாலை கூலி முடிந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே வந்தார். பஸ் வந்ததும் ஒரு முட்டைக்கோஸைக் கையில் திணித்தார். "பேடக்கா" என்று எனக்குத் தெரிந்த கன்னடத்தில் வேண்டாம் என்றேன். எடுத்துட்டுப் போ, இங்க நாய்கூடத் திங்காது, அவ்ளோ கெடக்குது என்றார். மடியில் கோஸை வைத்துக்கொண்டு தேன்கனிக்கோட்டைப் பையன்கள் பாட்டுப் போடும் சத்தத்தில் ஒசூர் வந்து சேர்ந்தேன். ஆறாவது பேர் பர்வீன். எழுதிவிட்டேன்.

அக்டோபர் 6, திங்கள்

எழுதினேனே தவிர, காலையில் மேனேஜர் "என்னாம்மா?" என்றதும் சரி என்று தலையாட்டினேன். கோஸ் பொரியல் சாப்பிட்டுவிட்டுத்தான் போயிருந்தேன். வெட்கம் கெட்டவள்.

செல்வத்துக்கும் விஷயம் தெரியும். ஸ்டோரில் தேடி ஒரு தாள் கொண்டுவந்தார், பளபளப்பில்லாத பழுப்பு வெள்ளை, தொட்டால் கிட்டத்தட்ட அதே தடிமன்.

அக்டோபர் 7, செவ்வாய்

முதல் அச்சு. நீலம் கூடிவிட்டது. திரும்ப பிளேட்.

அக்டோபர் 8, புதன்

மழை. கரண்ட் மூன்று தடவை போனது. கருப்பைக் குறைத்து நீலத்தின் மேல் நீலமாக இரண்டு முறை அடித்துப் பார்த்தோம். வந்துவிட்டது. இருட்டுக்குள் இருந்த ஊதாகூட வந்துவிட்டது. செல்வம் விசில் அடித்தார். நானும் சிரித்துவிட்டேன்.

வாழ்க்கையில் இவ்வளவு நல்ல வேலை நான் செய்ததில்லை. மல்லிகை அட்டைக்கு இதில் பாதி செய்திருப்பேனா? எல்லோர் மேலும் எரிகிற கோபத்தோடு உட்கார்ந்து, ஒரு திருட்டு வேலையை ஆசை ஆசையாகச் செய்திருக்கிறேன். கை பாட்டுக்கு அது வேலையைப் பார்க்கிறது, அதற்கு மானம் ரோஷம் எதுவும் கிடையாது.

அக்டோபர் 9, வியாழன்

டீத்தூளைக் கொதிக்க வைத்து, ஆற வைத்து, வடிகட்டி, பஞ்சில் தொட்டு, அச்சடித்த தாளின் ஓரமெல்லாம் பழசாகத் தெரியத் தடவினேன். வெயிலில்லை, டிரையர் பிடித்தேன். அசலின் வலது மூலையில் சின்னக் கிழிசல் இருக்கிறது. இதிலும் அதே இடத்தில் கிழித்தேன். அளந்து கிழித்தேன்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் குங்குமம்தான் வித்தியாசம். லூப் வைத்தால் மட்டும் தெரியும். இதில் புள்ளி. அதில் இல்லை.

மேனேஜர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, சபாஷ் என்றார். பதினோரு வருஷத்தில் முதல் சபாஷ். அசலை என்ன செய்வது சார் என்று கேட்டேன். துண்டு துண்டாக வெட்டிப் போட்டுவிடு, பழைய பேப்பரோடு போகட்டும் என்றார்.

பழைய உறையோடு பெரிய டிராயரில் வைத்துப் பூட்டினேன். சாவி என் பையில்.

துப்புரவுக்குப் புதுப் பெண் வந்திருக்கிறாள். என் அறையைக் கூட்டவே பயப்படுகிறாள். என்ன சொல்லி வைத்தார்களோ.

அக்டோபர் 10, வெள்ளி

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேசாமல் விட்டுடு, தீபாவளி ஆர்டர் நேரம், வேறு இடம் உடனே கிடைக்காது என்றார். சொல்வது சரிதான். சரியாகச் சொல்கிறாரே என்று அவரிடமும் சண்டை.

அக்டோபர் 11, சனி

வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். மணி மூன்று. வெயில் நன்றாக அடிக்கிறது.

டீச்சர் பதினோரு மணிக்கு வந்தார். அத்திப்பள்ளியில் டிராபிக், முக்கால் மணி நேரம் நின்றதாம். மேனேஜர் காபி வரவழைத்தார். இருநூறு அட்டையையும் பார்த்து டீச்சருக்கு ரொம்ப சந்தோஷம். இருட்டை இருட்டாகவே விட்டிருக்கீங்க, மற்ற இடங்களில் எல்லோரும் வெளிச்சமாக்கிவிடுகிறார்கள் என்றார். மேனேஜர் அது தன் யோசனை என்பது போல் தலையாட்டினார்.

பிறகு உறையைக் கொடுத்தார். புது உறை. டீச்சர் வெளியே எடுத்து, ஜன்னல் பக்கம் பிடித்து, ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். கிழிசலைத் தடவினார். ஒன்றும் தெரியவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார், என்னை மட்டும் பார்த்து. "பத்திரமா பாத்துக்கிட்டீங்க. ரொம்ப தேங்க்ஸ்மா."

அவ்வளவுதான். அந்தப் பத்திரமா என்ற வார்த்தை. பையிலிருந்து லூப்பை எடுத்து நீட்டினேன்.

"இதுல பாருங்க மேடம். வானத்தப் பாருங்க."

மேனேஜர் என்னம்மா இது என்று நடுவில் வந்தார். டீச்சர் அதற்குள் குனிந்துவிட்டார். ரொம்ப நேரம் பார்த்தார். வானம், தண்ணீர், படகு. நிமிர்ந்து, "புள்ளி இருக்கு" என்றார். "என்னோடது எங்க?"

டிராயரைத் திறந்து எடுத்து மேசையில் வைத்தேன். சிவப்பு வாலோடு. டீச்சர் தொடவில்லை. முகம் சுண்டிவிட்டது. கை மட்டும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. யார் செய்தது என்று கேட்டார். மேனேஜர் வாயைத் திறந்து, ஒரு கிளீனிங் பொம்பளை, அனுப்பிட்டோம் மேடம் என்றார்.

இந்தத் தடவை நான் சுவரைப் பார்க்கவில்லை. படத்தை வெளியில் வைத்துவிட்டுப் போனது நான், எல்லாவற்றுக்கும் பொட்டு வை என்று கத்திச் சொன்னது நான், மாரம்மாக்கா நான் சொன்னதைத்தான் செய்தார், ஈரத்துணி போட்டு இழுத்தது மேனேஜர் சார் என்றேன். மூச்சு விடாமல் சொன்னேன். செல்வம் கதவருகில் நின்றிருந்தார், நான் சொன்னதைக் கேட்டு வாயைப் பிளந்தார். பர்வீனா என்று ஒரு பார்வை. ஆமாம், பர்வீன்தான்.

டீச்சர் மன்னித்துவிடுவார் என்று எங்கோ ஒரு ஓரத்தில் நினைத்திருந்தேன் போல. உண்மையைச் சொன்னதற்கு ஒரு பாராட்டு. அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

டீ தடவிய தாளை எடுத்துக் காட்டினார். "பொட்டு வெச்சவங்க கும்பிட்டு வெச்சாங்க. இத யாரு செஞ்சது?"

"நான்தான் மேடம்."

"எத்தன நாள் ஆச்சு?"

"நாலு நாள்."

"நாலு நாளும் தெரிஞ்சே செஞ்சிருக்கீங்க." குரலை உயர்த்தவே இல்லை. "கிழிசலக்கூட விடல."

மேனேஜர் சொன்னதால் செய்தேன் என்று சொல்லியிருக்கலாம். உண்மையும் கூட. ஆனால் சபாஷ் கேட்டு உள்ளுக்குள் குளிர்ந்தது யார்? விசிலுக்குச் சிரித்தது யார்?

டீச்சர் இருநூறு அட்டையையும் மேசையிலேயே விட்டுவிட்டார். அசலை மட்டும் பழைய உறையில் போட்டுக்கொண்டார். போலியை நாலாக மடித்து மேனேஜர் கையில் கொடுத்தார். அந்த அம்மாவை வேலைக்குத் திரும்பக் கூப்பிடவில்லை என்றால் முதலாளிக்கு எல்லாவற்றையும் எழுதுவேன் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். என் பக்கம் திரும்பவில்லை. நான் படிக்கட்டு வரைக்கும் பின்னால் போனேன். எதற்குப் போனேன் என்று தெரியவில்லை. கார் கிளம்பிவிட்டது.

மேனேஜர் என்னென்ன சொன்னார் என்று எழுதப்போவதில்லை. கடைசியாகச் சொன்னது, திங்கட்கிழமை வர வேண்டாம். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். என் மானிட்டரில் பூஜைப் பொட்டு இன்னும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. யாரும் துடைக்கவில்லை.

இப்போது செல்வம் போன் பண்ணினார். மாரம்மாக்காவைத் திங்கட்கிழமையிலிருந்து வரச் சொல்லிவிட்டார்களாம். அக்கா என்ன சொன்னார் என்று கேட்டேன். சரி என்றாராம். பர்வீன் சொல்லிட்டாளா என்று மட்டும் கேட்டாராம்.

லூப் டீச்சர் கையோடு போய்விட்டது. கம்பெனி லூப் இல்லை, என் சொந்தக் காசில் வாங்கியது. போன் பண்ணிக் கேட்க வேண்டும். எந்த முகத்தோடு கேட்பது?